இலை பழுத்ததா, கண்ணாடி மங்கியதா?

2019 பிப்ரவரியில் ‘நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி’ ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரை, சூழலியலில் அரிதாகக் கிடைக்கும் நற்செய்தியாக உலகெங்கும் பரவியது. 2000 முதல் 2017 வரை பூமியின் இலைப்பரப்பு 5 விழுக்காடு கூடியிருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு சீனாவிலும் இந்தியாவிலும் நிகழ்ந்திருக்கிறது என்றார்கள் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். இந்தியாவில் கூடிய பசுமையில் 82 விழுக்காடு விளைநிலங்களுடையது. காடுகளின் பங்கு மிகச் சொற்பம். ஆழ்குழாய்க் கிணறுகளின் தயவில் ஒரு போகம் இரண்டாவதை எவ்வளவு தூரம் கொண்டாடலாம் என்ற விவாதமும் கூடவே எழுந்தது.

அந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. முடிவுகள் அனைத்தும் நாசாவின் டெரா, அக்வா ஆகிய இரு செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் என்ற கேமராவின் பதிவுகளிலிருந்து வந்தவை. அதே கேமரா, ஏறக்குறைய அதே ஆண்டுகளுக்கு, சில காலம் முன்புவரை வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது. மோடிஸ் தரவுகளை நாசா தொகுப்பு தொகுப்பாக வெளியிடும். 5ஆம் தொகுப்பில் டெரா தந்த எண்களை வைத்துப் பார்த்தால் உலகின் பல பகுதிகளில் தாவரங்கள் பசுமை குன்றி வந்தன. 6ஆம் தொகுப்பை எடுத்துக்கொண்டால் பசுமை கூடி வந்தது. 2017இல் இரண்டு தொகுப்புகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு இந்த முரணை விரிவாகவே காட்டியது. இடைப்பட்ட நாளில் எந்தக் காடும் தன் கடந்தகாலத்தை மாற்றிக்கொண்டுவிடவில்லை. மாறியது, கேமரா தரும் எண்ணை ஒளியின் அளவாக மாற்றும் பெருக்குத்தொகை. அந்தத் தொகையைக் கண்டுபிடித்து, காலந்தோறும் சரிபார்த்துத் திருத்தும் வேலைக்கு அளவுத்திருத்தம் என்று பெயர். செயற்கைக்கோள் அறிவியலில் இது பின்னிணைப்புக்குத் தள்ளப்படும் சமாசாரமாகவே இருந்துவருகிறது. பூமியின் மெதுவான மாற்றங்களைப் பொறுத்தவரை கண்டுபிடிப்பே அந்தப் பின்னிணைப்பில்தான் நிகழ்கிறது என்பது என் கருத்து.

செயற்கைக்கோள் எடுப்பதைப் படம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது எண்களின் அடுக்கு. தரையிலிருந்து மேலெழும் ஒளி கேமராவின் கண்ணாடிகளில் பட்டு, வடிகட்டிகள் வழியே உணரிக்குள் போய், அங்கே மின்னூட்டமாகி, கடைசியில் ஓர் எண்ணாகிறது. 700 என்று எண் வந்தால் எவ்வளவு ஒளி? ஏவுவதற்கு முன் ஆய்வுக்கூடத்தில் இதற்கு விடை காண்கிறார்கள். உட்புறம் முழுக்க வெண்மை பூசிய பெரிய கோளம் ஒன்றுக்குள் விளக்குகளை எரியவிட்டு, அதன் வாயிலில் சீராகப் பரவும் ஒளியைக் கேமராவுக்குக் காட்டுவார்கள். அந்த ஒளியின் அளவு தெரியும். கேமரா தரும் எண்ணும் தெரியும். இரண்டின் விகிதம் பெருக்குத்தொகை.

அந்த விகிதம் ராக்கெட் ஏறும் நாள்வரைதான் நம்பகமானது. ஏவுதலின் அதிர்வு, வெற்றிடத்தில் பொருள்களிலிருந்து கசியும் ஆவி, காற்றுமண்டலம் வடிகட்டாத புற ஊதாக் கதிர்கள், உயர் ஆற்றல் துகள்கள் என்று ஒவ்வொன்றும் கேமராவை மாற்றும். கடைக்காரரின் தராசைக் குறித்த காலத்தில் சோதித்து முத்திரை குத்த ஆய்வாளர் வருவார். 700 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் தராசுக்கு முத்திரை குத்த யாரும் போக முடியாது. அது தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும், அல்லது தொலைவிலிருந்தே நாம் சோதிக்க ஏதாவது வழி காண வேண்டும்.

மாற்றம் எங்கிருந்து வரும் என்று முன்கூட்டிச் சொல்வதும் கடினம். 2011 அக்டோபர் 28 அன்று ஏவப்பட்ட சுவோமி என்பிபி செயற்கைக்கோளில் மோடிஸின் வாரிசான வீர்ஸ் என்ற கேமரா இருக்கிறது. அது வேலையைத் தொடங்கிய சில வாரங்களிலேயே அண்மை அகச்சிவப்பு அலைவரிசைகளில் உணர்திறன் விறுவிறுவென்று சரிந்தது. தேடிப் பார்த்ததில், தொலைநோக்கியின் கண்ணாடிகளுக்குப் பூச்சு கொடுத்தபோது டங்ஸ்டன் ஆக்சைடு மாசு கலந்துவிட்டது தெரிந்தது. தரையில் இருந்தவரை தீங்கில்லாமல் கிடந்த அந்த மாசு, விண்வெளியில் சூரியனின் புற ஊதா பட்டதும் கருக்கத் தொடங்கியிருக்கிறது. சரிவு போகப்போக நிதானப்பட்டது. கேமராவுக்குள்ளேயே ஒரு சோதனை ஏற்பாடு இருந்ததால்தான் சரிவை அளக்கவும், தரவைத் திருத்தவும் முடிந்தது.

அந்த ஏற்பாடு என்ன என்பதை மோடிஸை வைத்துப் பார்ப்பது நல்லது. 1999 டிசம்பர் 18 அன்று டெராவில் ஏறிய இந்தக் கேமராவில் 36 அலைவரிசைகள். இருபக்கமும் ஒளியை எதிரொளிக்கும் ஒரு கண்ணாடி சுழன்றுகொண்டே 2,330 கிலோமீட்டர் அகலத் தரையை வாரி உள்ளே அனுப்புகிறது. பூமி மறையும் பக்கத்தில், கேமராவுக்குள், ஒரு வெள்ளைத் தகடு. தன்மேல் விழும் சூரிய ஒளியை எல்லாத் திசையிலும் ஏறக்குறைய சீராகச் சிதறடிக்கும் பொருளால் ஆனது. சூரியனின் ஒளி நமக்குத் தெரியும். தகட்டின் எதிரொளிப்புத் திறன் ஆய்வுக்கூடத்தில் அளந்தது. ஆகவே தகட்டைப் பார்க்கும்போது கேமரா தரவேண்டிய எண் எது என்பதும் தெரியும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளைத் தகடும் வெயிலில் பழுக்கும், அதிலும் நீல ஒளிப்பக்கம் முதலில் மங்கும். ஆகவே தகட்டைக் கண்காணிக்க இன்னொரு சிறு கருவி வைத்தார்கள்; அது ஒருமுறை சூரியனையும் மறுமுறை தகட்டையும் மாறிமாறிப் பார்த்து, தகடு எவ்வளவு மங்கியது என்று சொல்லும். தகடு வீணாக வெயில் தின்னக்கூடாது என்று அதற்கு ஒரு கதவும் உண்டு. சோதனை நேரத்தில் மட்டும் திறந்து பிறகு மூடிக்கொள்ளும். 2003 மே மாதம் டெராவில் அந்தக் கதவின் இயக்கத்தில் கோளாறு ஏற்பட்டது. மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் தகடே பயன்படாமல் போகும். ஆகவே கதவை நிரந்தரமாகத் திறந்தே விட்டுவிடுவது என்று முடிவெடுத்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் தகட்டின்மேல் வெயில் விழுந்தது. டெராவின் தகடு அக்வாவின் தகட்டைவிட வேகமாக மங்கியது.

அதைவிடப் பெரிய தொல்லை கண்ணாடியில் இருந்தது. நீலத்தின் ஓரத்தில் 412 நானோமீட்டர் அலைவரிசையில், பத்து ஆண்டுகளில் டெரா மோடிஸின் உணர்திறன் 40 விழுக்காட்டளவு குறைந்துபோனது. இந்தக் குறைவு கண்ணாடியின் இரு பக்கங்களுக்கும் ஒன்றாக இல்லை. ஒளி எந்தக் கோணத்தில் கண்ணாடியில் விழுகிறது என்பதைப் பொறுத்தும் வேறுபட்டது. கண்ணாடி சுழலச் சுழல, பூமியின் ஒளி அதன்மேல் சுமார் 10 பாகையிலிருந்து 65 பாகை வரை வெவ்வேறு கோணங்களில் விழும். வெள்ளைத் தகட்டின் ஒளி விழுவது 50 பாகையில் மட்டும். அந்த ஒரு கோணத்தில் கண்ணாடி எப்படி இருக்கிறது என்று தகடு சொல்லும். மற்றக் கோணங்களைப் பற்றி அதனிடம் தகவல் இல்லை.

இன்னொரு கோணத்துக்கு நிலவைக் கேட்டார்கள். கேமராவின் பக்கவாட்டில் வெற்று விண்வெளியைப் பார்க்கும் ஒரு திறப்பு உண்டு. அதன்வழியாக நிலவு தெரியும்படி, மாதம் ஒருமுறை வாய்க்கும் நேரத்தில் செயற்கைக்கோளைச் சற்றே புரட்டுவார்கள். அந்த ஒளி கண்ணாடியில் 11 பாகையில் விழும்.

நிலவை அளவுகோலாக எடுத்துக்கொள்வது கவிதைபோல் தோன்றினாலும் அதன் காரணம் வறட்டுத்தனமானது. அங்கே காற்றில்லை, நீரில்லை, புல் முளைப்பதில்லை, மழை பெய்வதில்லை. அதன் மேற்பரப்பு ஒளியை எதிரொளிக்கும் திறன் ஆண்டுக்குப் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் மாறும் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் ஹ்யூ கீஃபர் 1997இல் கணக்கிட்டார். அது நாம் நினைப்பதுபோல் வெண்ணிலவும் அல்ல. தன்மேல் விழும் ஒளியில் எட்டில் ஒரு பங்குபோலத்தான் திருப்பி அனுப்புகிறது. பூமியின் நிலப்பரப்பும் ஏறக்குறைய இந்த வெளிச்சத்தில்தான் இருப்பதால் கேமராவுக்கு அது பொருத்தமான இலக்கு.

ஆனால் நிலவின் வெளிச்சம் நாளுக்கு நாள் ஓயாமல் மாறும். முழுநிலவு அரைநிலவைப்போல இரண்டு மடங்கு வெளிச்சம் தரும் என்று எண்ணத் தோன்றும். பத்து மடங்குக்கும் மேல் தருகிறது. முழுநிலவை நெருங்கும்போது குழிகளின் நிழல்கள் மறைந்து வெளிச்சம் திடீரென எகிறும். நிலவு நம்மை நோக்கி எப்போதும் ஒரே முகத்தைக் காட்டினாலும் அந்த முகம் சற்றே இப்படியும் அப்படியும் ஊசலாடுகிறது. கருமையான சமவெளிகள் ஓரத்தில் தெரிவதும் மறைவதும் மொத்த வெளிச்சத்தை மாற்றும். சூரியனுக்கும் நமக்கும் அதற்குமுள்ள தொலைவுகள் வேறு. இவை எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் அடக்குவதற்காகக் கீஃபரும் டாம் ஸ்டோனும் அரிசோனா மாநிலத்தின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் ரோலோ என்ற தானியங்கித் தொலைநோக்கிகளை நிறுவி, ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக, 32 அலைவரிசைகளில் நிலவை அளந்தார்கள். 2005இல் வெளியான அவர்களுடைய சூத்திரத்தில் நாள், நேரம், செயற்கைக்கோளின் இடம் ஆகியவற்றைக் கொடுத்தால் அப்போது நிலவு எவ்வளவு ஒளி தரவேண்டும் என்று சொல்லும்.

இதன் பயனை முதலில் பெரிய அளவில் நிரூபித்தது 1997 ஆகஸ்டில் ஏவப்பட்ட சீவிஃப்ஸ் என்ற கடல்நிறக் கேமரா. மாதந்தோறும், பூமியின் இரவுப் பக்கத்தில் போகும்போது, செயற்கைக்கோள் முழுவதையும் குட்டிக்கரணம்போல் சுழற்றி நிலவைக் கேமராவின்முன் கொண்டுவந்தார்கள். 2010 டிசம்பரில் அது ஓயும்வரை இந்த வழக்கம் தொடர்ந்தது. 865 நானோமீட்டர் அலைவரிசையில் அதன் உணர்திறன் ஐந்தில் ஒரு பங்குபோலக் குறைந்திருந்தது. இருந்தும் நிலவை வைத்துத் திருத்திய பதிவின் நீண்டகால நிலைத்தன்மை 0.13 விழுக்காடு. ஐந்தில் ஒரு பங்கு கண்ணொளி இழந்த ஒருவர் பதின்மூன்று ஆண்டுகளும் சரியாகவே பார்த்திருக்கிறார் என்றால், தான் எவ்வளவு இழந்தோம் என்பதை அவர் மாதாமாதம் அறிந்திருந்ததே காரணம்.

மோடிஸுக்குத் திரும்புவோம். 11 பாகைக்கு நிலவு, 50 பாகைக்குத் தகடு. இடையிலும் அப்பாலும்? 5ஆம் தொகுப்புவரை, இவ்விரு புள்ளிகளுக்கும் நடுவே கண்ணாடியின் மாற்றம் ஒழுங்காகப் போகும் என்று கொண்டு கணக்கிட்டார்கள். அந்த ஊகம் பொய்த்தது. நீலத்தில் எஞ்சிய பிழை சிறியதுதான். ஆனால் அது ஆண்டுதோறும் ஒரே திசையில் வளர்ந்தது.

நீலத்தில் நேரும் சிறு பிழை இலையின் பச்சையை எப்படிப் பாதிக்கும் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். தாவரச் சுட்டெண்ணைக் கணக்கிட நீலமே தேவையில்லை. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இவ்விரண்டின் வேறுபாட்டை இவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது அந்தச் சுட்டெண். நீலம் வேறு வழியாக உள்ளே நுழைகிறது. காற்றில் எவ்வளவு தூசும் புகையும் இருக்கிறது என்று கண்டறிய நீலம்தான் உதவுகிறது, ஏனெனில் தூசுப்படலம் நீலத்தில் நன்றாகத் தெரியும். கேமரா நீலத்தைக் குறைத்துக் காட்டினால், காற்று உண்மையில் இருப்பதைவிடத் தெளிவாக இருப்பதாகக் கணினி முடிவு செய்யும். தெளிவான காற்று என்பதால் சிவப்பிலிருந்து தூசின் பங்கைக் குறைவாகவே கழிக்கும். ஆகவே தரையின் சிவப்பு கூடித் தெரியும். சிவப்பு கூடினால் சுட்டெண் இறங்கும். 2012இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சங்கிலியைக் கணக்கிட்டு, கேமராவின் மங்கல் மட்டுமே சுட்டெண்ணை ஆண்டுக்கு 0.001 முதல் 0.004 வரை குறைக்கக்கூடும் என்று காட்டினார்கள். அடர்ந்த காட்டின் சுட்டெண் 0.8 அளவில் இருக்கும் என்பதை நினைத்தால் இது தூசுதான். ஆனால் பருவநிலை மாற்றத்தால் காடு மெல்ல வாடுகிறதா என்று தேடுகிறவர் எதிர்பார்ப்பதும் இதே அளவுத் தூசைத்தானே! பத்தாண்டுக் கோடு ஒன்றை வரைந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இறங்கும்.

ஐயத்தைக் கிளப்பியது அக்வா. 2002 மே மாதம் ஏவப்பட்டு, பிற்பகலில் அதே நிலத்தைக் கடக்கும் அதன் மோடிஸ், டெரா காட்டிய சரிவைக் காட்டவில்லை. காலையில் வாடும் காடு பிற்பகலில் மட்டும் தழைக்காது.

6ஆம் தொகுப்பில் மூன்றாவது சாட்சியைக் கொண்டுவந்தார்கள்: பாலைவனம். வட ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் மழையும் செடியும் மேகமும் அருகிய, ஆண்டுக்கணக்கில் ஒரே வெளிச்சம் காட்டும் 20 மணல்வெளிகளை 1996இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பட்டியலிட்டிருந்தார்கள். அவற்றுள் லிபியா, அல்ஜீரியா, மொரித்தானியா நாடுகளில் உள்ள ஆறு இடங்கள் இன்று எல்லா விண்வெளி அமைப்புகளுக்கும் பொதுவான சோதனைக்களங்கள். ‘லிபியா-4’ என்ற பெயரால் அறியப்படும் மணல்மேட்டுப் பரப்பு உலகிலேயே அதிகம் பேர் அளந்த மணலாக இருக்கலாம். அங்கே கருவி எதுவும் நடப்படவில்லை, காவலுக்கு ஆளும் இல்லை. கண்ணாடியின் எல்லாக் கோணங்களிலும் அது அவ்வப்போது வந்துபோவதால், நிலவும் தகடும் விட்ட இடைவெளியை மணல் நிரப்பியது. சில அலைவரிசைகளுக்குக் கோணவாரியான திருத்தம் செய்தார்கள். டெராவின் பொய்ச் சரிவு பெரும்பாலும் மறைந்தது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பாலைவனம் மாறாது என்று எப்படித் தெரியும்? செயற்கைக்கோள்கள் சொல்லித்தானே தெரியும்? அப்படியானால் தராசைக்கொண்டு படியையும், படியைக்கொண்டு தராசையும் சோதிக்கிறோம் அல்லவா? குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. ஆனால் சாட்சிகள் ஒன்றையொன்று சாராதவை என்பதை மறந்துவிடக் கூடாது. நிலவு மங்கினால் மணலும் அதே வேகத்தில், அதே நிறத்தில் மங்கவேண்டிய காரணம் ஏதுமில்லை. மூன்று சாட்சிகளும் ஒரே பேச்சுப் பேசினால் அதை நம்பலாம்; பேச்சு வேறுபட்டால் எந்தச் சாட்சி பிறழ்கிறது என்று தேடலாம். அதற்காகவே தரையில் கருவிகளோடு காத்திருக்கும் களங்களையும் ஏற்படுத்தினார்கள்: அமெரிக்காவின் நெவாடாவில் ரயில்ரோடு வேலி, பிரான்சில் லா க்ரோ, நமீபியாவில் கோபபெப், சீனாவில் பாவ்தோ. தரையின் எதிரொளிப்பையும் காற்றின் தெளிவையும் தானாகவே அளந்துகொண்டிருக்கும் இந்தக் களங்களின் தரவு 2018 முதல் ராட்கால்நெட் என்ற கூட்டமைப்பு வழியாக யாருக்கும் கிடைக்கிறது.

மீதிப் பாதிக்கு இன்னும் முழு விடையில்லை. நிலவு மாறவில்லை என்று துல்லியமாகத் தெரியும். அது தரும் ஒளியின் முழு அளவு என்ன என்பதில் ரோலோவின் பிழை 5 முதல் 10 விழுக்காடு வரை போகும். மாற்றத்தைச் சொல்ல நிலவு போதும், அளவைச் சொல்லப் போதாது. பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் முன்மொழிந்த ட்ரூத்ஸ் என்ற திட்டம் இதற்காகத்தான். ஆய்வுக்கூடங்களில் ஒளியளவின் மூல அளவுகோலாக இருக்கும் கடுங்குளிர்க் கதிரளவியை விண்வெளிக்கே ஏற்றி, 0.3 விழுக்காட்டுப் பிழைக்குள் பூமியை அளந்து, மற்றக் கேமராக்களுக்கு அதையே முத்திரைப் படியாக்குவது அவர்கள் நோக்கம்.

கடலுக்கு வந்தால் இந்த நுட்பமெல்லாம் இன்னும் கூர்மையாக வேண்டும். கடலுக்கு மேலே பறக்கும் கேமராவுக்குள் நுழையும் ஒளியில் சுமார் 90 விழுக்காடு காற்றுமண்டலம் சிதறடித்தது. நீருக்குள்ளிருந்து வருவது பத்தில் ஒன்று. கேமராவில் 1 விழுக்காடு பிழை என்றால் கடல்நிறத்தில் 10 விழுக்காடு. இதற்காக ஹவாய்த் தீவுகளில் லனாய்க்கு அருகே மோபி என்ற ஒளியளக்கும் மிதவை 1997 முதல் நிற்கிறது. இந்தியா லட்சத்தீவின் கவரத்தியில் தனக்கொரு கடல் சோதனைக்களத்தையும், தரைக்குக் கட்ச் பகுதியின் பெரிய ரண் உப்புவெளியையும் வைத்திருக்கிறது. மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் நம் மீனவர்களுக்கு அறிவிப்பது கடல்பரப்பின் வெப்பத்தையும் பாசிப்பச்சையின் அளவையும் வைத்துத்தான். அந்தப் பச்சையைப் படிப்பது இத்தகைய கடல்நிறக் கேமராக்கள்.

கேமராக்கள் ஓய்வுபெறும்போது அளவுகோலைக் கைமாற்றுவதும் இந்தக் கலையின் ஒரு பகுதி. 2021 செப்டம்பரில் ஏவப்பட்ட லாண்ட்சாட் 9, தன் இறுதிப் பாதைக்கு ஏறும் வழியில், நவம்பரில் சில நாள்கள் லாண்ட்சாட் 8க்கு நேர்கீழே பறந்தது. ஒரே நிலத்தை, ஒரே நேரத்தில், ஒரே கோணத்தில் இரண்டும் பார்த்தன. எங்கெல்லாம் எண் வேறுபட்டதோ அங்கெல்லாம் திருத்தம் போட்டார்கள். 1972இல் தொடங்கிய லாண்ட்சாட் வரிசையை இன்று ஒரே பதிவாக வாசிக்க முடிவது இப்படிப்பட்ட கைமாற்றங்களாலும், பாலைவனங்களை வைத்துப் பின்னோக்கிச் செய்த திருத்தங்களாலும்தான்.

நம்மிடமும் அப்படியொரு வரிசை உண்டு. 1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து ஏறிய ஐஆர்எஸ்-1ஏ தொடங்கி, 1பி, 1சி, 1டி, மூன்று ரிசோர்ஸ்சாட்கள் என்று லிஸ் கேமராக்கள் இந்தியாவின் வயலையும் ஏரியையும் காட்டையும் தலைமுறைக் கணக்கில் பதிந்திருக்கின்றன. தமிழ்நாட்டின் ஏரிகள் சுருங்கியது, சதுப்பு நிலங்கள் கட்டடமானது, மலைச்சரிவில் தோட்டப்பயிர் ஏறியது எல்லாம் அவற்றில் இருக்கும். அந்தக் கேமராக்கள் அனைத்தையும் லிபியா மணலையும் நிலவையும் சாட்சிவைத்து ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றின் திருத்த வரலாற்றையும் சேர்த்து, மாணவர் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இஸ்ரோ பொதுவில் வைக்க வேண்டும். புதிய செயற்கைக்கோள் ஏவுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு செலவுதான்.

செயற்கைக்கோள் தரவை வைத்து ஆய்வேடோ செய்தியோ எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தக் கேமரா, எந்தத் தொகுப்பு, எந்த ஆண்டுப் பதிப்பு என்பதை எண்ணோடு எழுதுங்கள். அதை எழுதாத வரைபடத்தில் கோடு இறங்கினால், இறங்கியது காடா கேமராவா என்று வாசகர் கேட்கட்டும்.